இன்டர்கூலருக்குக் ‘காற்றாற்றி’ என்ற சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி; அந்தக் காற்றின் சூட்டை வழியில் தணிப்பது இன்டர்கூலர். இந்த இன்டர்கூலரின் பைப்புகளை மாற்றுவது பற்றித் தமிழில் எழுத வேண்டும், சொற்கள் கொடுங்கள் என்று கிருஷ்ணகிரி நண்பர் கேட்டிருந்தார். வந்த பரிந்துரைகளில் ‘இடைக்குளிர்வி’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அது ஒட்டவில்லை. ஏன் என்று என் காரை வைத்தே சொல்கிறேன்.

போன சித்திரையில் சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் டீசல் டர்போ கார் இழுவையை இழந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னாலேயே கரும்புகை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பல வருடச் சூட்டில் இளகிப்போய், குழாய் வாயிலிருந்து கழன்றிருந்தது. அமுக்கிய காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. உள்ளே போன டீசல் முழுதாக எரியக் காற்று போதவில்லை. அதுதான் அந்தக் கரும்புகை. மெதுவாக உருட்டிக்கொண்டு ஊர் வந்து, பட்டறையில் அலுமினியக் குழாயும் சிலிக்கோன் ஹோஸும் போட்டேன். மெக்கானிக் குழாயைக் காட்டி விளக்கினார்: “இந்தப் பக்கம் கொதிக்கிற காத்து வருது. அது இதுக்குள்ள போய் ஆறி, அந்தப் பக்கமா இன்ஜினுக்குப் போகுது.”

‘ஆறி’ என்றார். அந்தச் சொல் இன்றுவரை மனதைவிட்டுப் போகவில்லை.

டர்போ காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. வெளிக்காற்று 30 டிகிரி இருக்க, அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் டர்போவிலிருந்து வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிந்து நிற்பதால் அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதைத் திரும்ப அடர்த்தியாக்கத்தான் வண்டியின் முன்பக்கத்தில் இன்டர்கூலரை வைத்து, எதிர்க்காற்றில் சூட்டைத் தணிக்கிறார்கள். எதிர்க்காற்றை மட்டும் நம்பியிருப்பதால், எவ்வளவு நல்ல இன்டர்கூலரானாலும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஃபிரிட்ஜ் செய்வதைக் குளிர்வித்தல் என்கிறோம். டீக்கடையில் டம்ளரைத் தூக்கி ஊற்றுவதை ஆற்றுதல் என்கிறோம். மிஞ்சிய சூட்டைச் சுற்றுக்காற்றிடம் விட்டுவிடுவது ஆற்றுதல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம்மிடம் இரண்டு இருக்கும்போது சரியானதை ஏன் விட வேண்டும்?

‘இடை’யிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கட்டங்களாகக் காற்றை அமுக்கும் கம்ப்ரஸர்களில், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் சூட்டைத் தணிக்கும் கருவிக்குத்தான் இன்டர்கூலர் என்ற பெயர் பொருந்தும். ஒற்றை டர்போ வண்டியில் அமுக்கி முடித்த பிறகுதான் காற்று ஆறுகிறது. சில லாரி இன்ஜின்காரர்கள் அதையே ஆப்டர்கூலர் என்பது அதனால்தான். பழக்கத்தில் நின்றுவிட்ட ஒரு பிழையை நாமும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: காற்றாற்றி. வெறும் ‘ஆற்றி’ என்றால் உரையாற்றி, பணியாற்றி என்று வினையெச்சமாகக் கேட்கும். ‘காற்று’ முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் இல்லை. காற்றாடி, காற்றாலை போல நாக்கிலும் எளிதாக வருகிறது.

அடுத்து குழாய்கள். டர்போவிலிருந்து காற்றாற்றிக்கு வருவதை ‘வெப்பக்குழாய்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். கணினிகளில் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்புக்கு அதே சொல் பொருந்திவிடுவதால் இதற்கு வேண்டாம். ‘சுடுகாற்றுக் குழாய்’ என்றால் போதும். காற்றாற்றியிலிருந்து இன்ஜினுக்குப் போவதற்கு முதலில் ‘ஆறுகாற்றுக் குழாய்’ என்று எழுதிப் பார்த்தேன். எண்ணும் நதியும் குறுக்கே வந்தன. ‘ஆறிய காற்றுக் குழாய்’ சற்று நீளம்தான், ஆனால் படித்தவுடன் புரியும். இந்த வேறுபாடு கட்டுரைக்கு அவசியம் வேண்டும். சுடுகாற்றுப் பக்கம் டர்போவின் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வரும். சாதாரண சிலிக்கோன் அதில் நாளடைவில் கெடும், உள்ளே எண்ணெய் தாங்கும் பூச்சு உள்ள ஹோஸ்தான் போட வேண்டும்.

பைப்புகளை மாற்றுவதை ‘மேம்படுத்தல்’ என்று எழுதும்போது, பெரிய குழாய்தான் நல்ல குழாய் என்ற எண்ணத்தை விதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் நிரப்ப வேண்டிய இடம் கூடி, டர்போவின் இழுவை வரத் தாமதமாகும். ஊதிப் புடைக்காத சுவர், குறைந்த வளைவுகள், கழலாத மூட்டு, இவைதான் பலன் தருபவை.

மூட்டு என்றதும் கடைசியாக ஒன்று. அலுமினியக் குழாயின் நுனியைச் சுற்றி ஒரு மேடு எழுப்பியிருப்பார்கள். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டிச் செருகி, மேட்டுக்கு அப்பால் கிளாம்ப் இறுக்குவதால், அழுத்தம் வந்தாலும் ஹோஸ் வழுக்கிக் கழலாது. கிளாம்புக்குக் ‘கவ்வி’ இருக்கிறது. இந்த மேட்டுக்கு நான் ‘வரப்பு’ என்கிறேன்; வயலில் தண்ணீரைத் தாண்டவிடாமல் நிறுத்துவதுபோல இது ஹோஸை நிறுத்துகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் லாரிப் பட்டறைகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு பேச்சுச்சொல் இருந்தால், அதுவே முதலில் நிற்கட்டும். அந்தப் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து