அச்சிட்ட படத்துக்குள் நீர்க்குறி: அசலையும் நகலையும் பிரித்துக் காட்டுமா?

பூநாரை எழுதியது:

வணக்கம். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பறவைகளைப் படமெடுத்து, பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டு விற்கிறேன். ஒரு படத்துக்கு 25 பிரதிகள்தான். ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இடுவேன்.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் என் படம் ஒன்றின் இன்னோர் அச்சைக் கொண்டுவந்து காட்டினார். வேறு யாரிடமோ வாங்கியதாம். எண் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. நான் இட்ட கையெழுத்து அல்ல அது. ஆனால் இதை என்னைத் தவிர யாரால் சொல்ல முடியும்? எனக்குப் பிறகு ஒருவர் விற்க வந்தால், வாங்குபவர் யாரிடம் கேட்பார்?

கண்ணுக்குத் தெரியாத டிஜிட்டல் நீர்க்குறியை, அதாவது கருவியால் மட்டும் படிக்கக்கூடிய மறைகுறியை, படத்துக்குள் பதிக்கலாம் என்று படித்தேன். தாளில் அச்சான பிறகும் அது நிலைக்குமா? நிலைத்தால், அது இருக்கும் அச்சுதான் அசல் என்று சொல்லிவிடலாமா?

மாலைவெயில் எழுதியது:

கோப்பின் மெட்டாடேட்டாவில் (படத்தோடு கோப்புக்குள் சேமிக்கப்படும் விவரக் குறிப்பில்) உங்கள் பெயரையும் உரிமைக் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தகடும்மையும் எழுதியது:

மெட்டாடேட்டா தாளுக்கு வராது. அது கோப்போடு நின்றுவிடும். பூநாரைத் தம்பி கேட்பது தாளைப் பற்றி.

சிவகாசியில் அச்சுக்கு முந்தைய பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே கருவியை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: நிலைக்கும், சரியாகப் பதித்தால். ஆஃப்செட் அச்சில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) படத்தை 175 வரி ஸ்கிரீனில் (அங்குலத்துக்கு 175 மைப்புள்ளி வரிசைகளில்) போட்டால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் பிக்சல் அகலத்துக்கு ஒரு புள்ளிதான் விழும். ஒற்றைப் பிக்சலில் செய்த நுண்மாற்றம் அங்கேயே போய்விடும். உங்கள் இங்க்ஜெட்டில் இந்த ஸ்கிரீன் இல்லை, ஆனால் மை தாளில் ஊறிப் பரவும். விளைவு கிட்டத்தட்ட அதுதான். பிறகு ஸ்கேன் செய்யும்போது தாள் அரைப் பாகை சாயும், அளவு மாறும், நிறமும் மாறும். இத்தனையையும் தாண்டி நிற்க வேண்டுமானால், நீர்க்குறி சுமக்கும் செய்தியைப் படம் முழுவதிலும், அதுவும் கண் முக்கியமாகக் கவனிக்கும் அலைவெண்களில் (படத்தில் ஒளியும் நிழலும் மாறிவரும் வேகங்களில்), மிக மெலிதாகப் பரப்ப வேண்டும். ஆய்வாளர் இங்கமார் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இதுதான். சாய்வையும் அளவு மாற்றத்தையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய, செய்தியோடு ஓர் ஒத்திசைவுக் குறியையும் சேர்ப்பார்கள். வணிகத்திலும் இது பழையதுதான். 1996இல் வந்த போட்டோஷாப் 4இலேயே டிஜிமார்க் நிறுவனத்தின் நீர்க்குறி வசதி இருந்தது.

உங்கள் படங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியற்காலை வானமும் அசையாத நீரும் வழவழப்பான பரப்புகள். இறகிலும் நாணலிலும் நீர்க்குறி ஒளிந்துகொள்ளும். வெற்று வானில் கொஞ்சம் கூட்டினாலும் மணல் தூவியதுபோல் தெரியும், குறைத்தால் அச்சில் கரைந்துவிடும். ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே வலிமையை வைக்காதீர்கள். விற்கப்போகும் அதே தாளில், அதே அளவில் அச்சிட்டு, சாதாரண ஸ்கேனரில் வைத்துப் படித்துப் பாருங்கள். திரையில் செய்த சோதனை எதற்கும் ஆகாது.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: முடியாது. வலுவான நீர்க்குறி ஸ்கேனையும் மறு அச்சையும் தாங்க வேண்டும் என்றுதானே அதைக் கட்டுகிறோம்? அப்படியானால் உங்கள் அச்சை ஒருவர் நல்ல ஸ்கேனரில் வைத்து மறுபடி அச்சிடும்போது குறியும் கூடவே போகும். போலி அச்சிலும் கருவி உங்கள் பெயரைத்தான் காட்டும். “இந்தப் படம் யாருடையது” என்பதற்கு அது சாட்சி. “இந்தத் தாள் யார் அச்சிட்டது” என்பதற்கு அது சாட்சியே அல்ல. அதற்கும் மேலே, ஒரு படத்திலிருந்து நீர்க்குறியை மதிப்பிட்டு எடுத்து வேறொரு படத்தில் பதிக்கும் தாக்குதலை ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

ஊதாவிளக்கு எழுதியது:

கலர் பிரிண்டர்கள் தாமாகவே மஞ்சள் புள்ளிகளைப் பதிக்கின்றனவே, அதைப் பயன்படுத்தலாமே? 2005இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு, ஜெராக்ஸ் டாக்குகலர் வகை ஒன்றின் குறியைப் படித்துக் காட்டியது. 15க்கு 8 என்ற கட்டத்தில் தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் எல்லாம் இருந்தன. நீல ஒளியில் பார்த்தால் புள்ளிகள் தெரியும்.

தகடும்மையும் எழுதியது:

நல்ல தகவல். ஆனால் அந்த வேலை கலர் லேசர் இயந்திரங்களுக்கு உரியது. தம்பி அச்சிடுவது இங்க்ஜெட்டில். மேலும் அது அச்சிட்ட இயந்திரத்தைக் காட்டும், படைத்தவரைக் காட்டாது.

அசல் தாளைக் காட்ட, நகலெடுத்தால் கெட்டுப்போகும் குறிதான் தேவை. அச்சு இயந்திரத்தின் எல்லைவரை நுணுக்கமான, ஒழுங்கற்ற புள்ளிக் கோலம் ஒன்றைச் சிறு கட்டமாக அச்சிடுவார்கள். ஒவ்வொரு முறை ஸ்கேன் செய்து அச்சிடும்போதும் அதில் கொஞ்சம் அழியும். மூலக் கோப்போடு ஒப்பிட்டால் எத்தனை அழிந்தது என்று தெரிந்துவிடும். மருந்துப் பெட்டி, லேபிள்களுக்கு இது பொருந்தும். உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இயந்திரக் கற்றலைக் கொண்டு அந்தக் கோலத்தைப் பெருமளவு மீட்டெடுக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். அதைவிட, அழகான ஓர் அச்சின் மூலையில் கறுப்புக் கட்டம் இருப்பதை என் கண் ஏற்காது.

உங்கள் கையிலேயே நகலெடுக்க முடியாத ஒன்று இருக்கிறது: தாள். இழைகள் பின்னியிருக்கும் விதம் ஒவ்வொரு தாளிலும் வேறு. 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் அடங்கிய ஒரு குழு, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனரைக் கொண்டே தாளை வெவ்வேறு திசைகளில் திருப்பித் திருப்பி ஸ்கேன் செய்து, மேற்பரப்பின் மேடுபள்ளத்திலிருந்து அந்தத் தாளுக்கே உரிய கைரேகையை எடுத்தது. தாளில் பிறகு எழுதினாலும், நனைத்து உலர்த்தினாலும் அடையாளம் தெரிந்தது.

பூநாரை எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. என் அச்சுகள் பெரியவை, கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடும். முழுத் தாளையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

தகடும்மையும் எழுதியது:

வேண்டாம், தம்பி. அச்சில்லாத வெள்ளை ஓரத்தில் ஒரு சிறு பகுதி போதும். உங்கள் பென்சில் எண்ணுக்கு அருகில், கீழ் வலது மூலையில் எடுங்கள்; எண்ணே இடம் காட்டும். சட்டமிடுவதற்கு முன் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி நுணுக்கத்தில்), நான்கு திசைகளிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். சரிபார்க்கும் நாளில் அதே இடத்தை மறுபடி ஸ்கேன் செய்து ஒப்பிட, சட்டத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கண்ணாடி வழியாக இது நடக்காது. ஓரத்தை வெட்டிவிட வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சட்டமிடுபவரிடமும் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கோப்பை உங்கள் கணினியில் மட்டும் பூட்டி வைத்தால் நீங்கள் முதலில் கேட்டதற்கு விடை இராது. படத்தின் பெயர், பிரதி எண், இந்த ஸ்கேன் மூன்றையும் சேர்த்து உங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு (உங்களிடம் மட்டும் உள்ள ரகசியத் திறவுகோலால் கோப்பில் இடும் கணினிக் கையொப்பத்தோடு) வாங்குபவரிடமே கொடுத்துவிடுங்கள். அந்தக் கையொப்பத்தை யாரும் சரிபார்க்க உதவும் எழுத்துக்கோவையான பொதுத் திறவுகோலை உங்கள் இணையப் பக்கத்திலும், கண்காட்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் அச்சிடுங்கள். நீர்க்குறியையும் விட்டுவிடாதீர்கள், இணையத்தில் உங்கள் படத்தை எடுத்து நாள்காட்டி அடிப்பவரைப் பிடிக்க அது வேண்டும்.