சாட்டிலைட் டி.என்.ஏ.: கோளா, அடுக்கா, கோவையா?

க.
அனைவருக்கும் வணக்கம். ஊர்வனவற்றின் மரபணுத்தொகுதி பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. ஒரே துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ.வை ஆங்கிலத்தில் சாட்டிலைட் என்கிறார்கள். வரைவில் 'துணைக்கோள் டி.என்.ஏ.' என்று போட்டிருக்கிறது, மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "எந்தக் கோளுக்குத் துணை?" என்று எழுதிவிட்டார். துண்டு சிறிதான மினிசாட்டிலைட், மிகச் சிறிதான மைக்ரோசாட்டிலைட் இரண்டும் கூடவே வருவதால் முன்னொட்டு ஏற்கும் சொல் வேண்டும்.

செ.
அவர் கேட்டது நியாயம். எலியின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, மையவிலக்கியில் நாள்கணக்கில் அதிவேகமாகச் சுழற்றினால் ஒவ்வொரு துண்டும் தன் அடர்த்திக்கேற்ற மட்டத்தில் நிற்கும். மில்லிலிட்டருக்கு 1.70 கிராம் அருகே தடித்த பட்டை; 1.69 அருகே, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டி-யில் ஏ-டி மிகுந்து இலேசானதால், மெல்லிசாய் இன்னொன்று. பெரிய பட்டைக்குப் பக்கத்தில் நின்றதால் சாட்டிலைட். அதில் 234 எழுத்துத் துண்டு ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆகவே 'பக்கப்பட்டை'. தவிர, சில குரோமோசோம்களின் நுனியில் குமிழ்போல் நிற்பதற்கும் சாட்டிலைட் என்றே பெயர். இரண்டுக்கும் துணைக்கோள் போட்டால் மாணவர் பாடு திண்டாட்டம்.

ந.
> ஆகவே 'பக்கப்பட்டை'

மைக்ரோ வகை 1 முதல் 6 எழுத்து. அது பொதுவாகக் குழாயில் தனிப் பட்டையாகப் பிரிவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'நுண்பக்கப்பட்டை' என்பது இல்லாத பொருளுக்குப் பெயர். பார்த்த விதத்தை விடுங்கள், இருக்கும் விதத்தைச் சொல்லுங்கள். 'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர். பாடமே பாம்பைப் பற்றியது! அடுக்கு, குற்றடுக்கு, நுண்ணடுக்கு.

வே.
ஐயா, அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் நிற்க வேண்டும். மைக்ரோ வகையில் திரும்பத் திரும்ப வரும் 'ஜிஏடிஏ' தனித்து எதைக் குறிக்கிறது? பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. மேலும் நன்னூல் அடுக்குக்கு நான்கு என்று எல்லை கட்டியிருக்கிறது. இங்கே நூற்றுக்கணக்கில் போகிறது.

செ.
தனித்தும் பொருள் உண்டு அம்மா. இரத்த அணு உருவாக்கத்தில் வேலை செய்யும் காட்டா-1 புரதம் டி.என்.ஏ.வில் தேடிப் பற்றுவது அந்த நாலெழுத்தைத்தான். எனவே அடுக்குத்தொடர்தான். (வெள்ளிக்கிழமைக்கு இது உதவாது, தெரியும்.)

த.
மரபியலாளர் லால்ஜி சிங் குழு 1980-இல் வெளியிட்ட பி.கே.எம். வரிசையை மறந்துவிட்டீர்கள். 'பேண்டட் கிரெயிட் மைனர்', அதாவது பட்டைக் கட்டுவிரியனின் சிறு சாட்டிலைட் என்பதன் சுருக்கம் அது. பெண் பாம்புகளில் மட்டும் உள்ள டபிள்யூ குரோமோசோமில் குவிந்திருப்பது. பிற்பாடு ஐதராபாத்தில் மரபணு ரேகை எடுக்கவும் பயன்பட்டது. பெயர் சாட்டிலைட், உள்ளே இருப்பதோ ஜிஏடிஏ, அதாவது இன்றைய கணக்கில் மைக்ரோ! பாம்பின் மேலும் வரி, குழாயிலும் வரி. விரியன் என்பதே 'வரியன்' திரிந்ததுதான் என்பேன். 'துணைவரி' என்றால் என்ன?

ந.
வருமான வரிக்கு மேல் போடுவது.

வே.
விரியன் 'விரி'யிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அது வேறு இழை. அடுக்குக்கு என் உண்மையான மறுப்பு வேறு. பாத்திரத்தை அடுக்குவது ஒன்றின்மேல் ஒன்றாக. இவையோ ரயில் பெட்டிபோல் தலைவால் கோத்து நீளவாக்கில் நிற்பவை. கருவி ஒரு தடவைக்கு 150 எழுத்தாகப் படித்துத் தரும் துண்டுகளை (படிப்புகளை) வைத்து மரபணுத்தொகுதியைக் கட்டும்போது, மீள்வரிசை அதைவிட நீளமானால் மென்பொருளுக்கு எந்தப் பெட்டி எது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவிடும். அங்கே படிப்பின் ஆழம் (ஓரிடத்தில் வந்து விழும் படிப்புகளின் எண்ணிக்கை) பல மடங்கு எகிறும், குரோமோசோம் நீளம் குறையும். அந்தப் பிழையைத்தான் 'அடுக்கிவிட்டது' என்போம். பிழைக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லா? கோத்து நிற்பதால் 'கோவை'. நுண்கோவை, குறுங்கோவை.

ந.
நுண்கோவை என்றால் பீளமேடா, சிங்காநல்லூரா?

செ.
எதுவானாலும் 'மீள்வரிசை'யை மட்டும் இதற்குச் செலவழித்துவிடாதீர்கள். அது பொதுப்பெயர். 2020-இல் வெளியான துவாட்டாரா (பல்லி போன்ற நியூசிலாந்து ஊர்வன) மரபணுத்தொகுதி சுமார் 500 கோடி எழுத்து. அதில் 64 சதவீதம் மீள்வரிசை. அதற்குள் நகலெடுத்துச் சிதறும் கூறுகளும் அடக்கம். 2011-இல் வந்த அனோலிஸ் ஓணானில் அத்தகைய நகரும் கூறுகள் மட்டுமே 30 சதவீதம் போல. சிதறியதும் கோத்ததும் ஒரே பெயரில் வந்தால் பாடத்தின் பாதி போச்சு.

க.
நன்றி. கோவைக்கு இரண்டு, அடுக்குக்கு ஒன்று, பக்கப்பட்டைக்கு ஒன்று, துணைவரிக்கு த. ஒருவரே. பெரியதற்குச் 'சாட்டிலைட்' என்றே ஒலிபெயர்த்து, செ. சொன்ன பட்டை விளக்கத்தை அடிக்குறிப்பில் வைக்கிறேன். மற்ற இரண்டும் குறுங்கோவை, நுண்கோவை. பொதுப்பெயர் மீள்வரிசை.

வே.
கோவை வந்ததில் மகிழ்ச்சி, ஆனால் இதை ஏற்க முடியாது. சொல்லடைவில் சாட்டிலைட் 'சா'வில், நுண்கோவை 'நு'வில், குறுங்கோவை 'கு'வில். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? பெரியதற்கும் 'பெருங்கோவை' போடுங்கள்.

ந.
அடுக்கு என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.