பெல்சன் மண்மேடுகளைப் பார்த்தவர்கள் உண்டா?

ஜெர்மனியில் நாஜிகள் கைதிகளை அடைத்துவைத்த பெர்கன்-பெல்சன் முகாமுக்குப் போய் வந்து மூன்று வருடம் ஆகிறது, அந்த மேடுகள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கொட்டகை, முள்வேலி எல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பரவக் கூடாதென்று 1945 மே மாதமே பிரிட்டிஷ் ராணுவம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டது. இப்போது புல் மூடிய நீள நீளமான மேடுகள்தான். ஒன்றின் முகப்பில், 'இங்கே 1000 இறந்தோர் துயில்கிறார்கள், ஏப்ரல் 1945'. இன்னொன்றில் 800. என் பையன் கேட்டான்: "கரெக்டா ஆயிரமாப்பா?" எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 15 விடுதலைக்கு அப்புறமும் 13,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். சிப்பாய்கள் கையிலிருந்த டின் உணவை அப்படியே கொடுத்துவிட்டார்களாம், பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

* * *

நான் போனது நாஜிகளின் இன்னொரு முகாமான பூகன்வால்ட். விடுதலையான எட்டாம் நாள், கைதிகள் தாங்களே மரத்தால் ஆன ஒரு நினைவுத்தூண் நட்டார்களே, அந்த இடத்தில் இப்போது ஓர் உலோகத் தகடு. எப்போதும் 37 டிகிரி சூட்டில் வைத்திருக்கிறார்கள். ஜனவரி, சுற்றிலும் பனி. குனிந்து கை வைத்தேன். உடம்புச் சூடு. கையை எடுக்க மனசு வரவில்லை.

* * *

முதலில் எழுதியவரே, சிப்பாய்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் நர்ஸ். பல நாள் பட்டினி கிடந்த ஒரு பெரியவருக்குக் கஞ்சியை ஸ்பூனால் அளந்து கொடுத்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறுத்தேன். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது. பெல்சனில் ஏறக்குறைய 60,000 பேர்! இருபது வயதுப் பையன் பையிலிருப்பதைக் கொடுக்காமல் என்ன செய்வான்? டைபஸும் மாதக்கணக்கான பட்டினியும்தான் அதிகம் பேரைக் கொன்றன. அப்புறம் வங்கப் பஞ்சத்தில் கொடுத்த பால்பவுடர், மாவு, சர்க்கரைக் கரைசலைக் கொண்டுவந்தார்கள். தித்திப்பு தாங்காமல் பலரால் குடிக்க முடியவில்லை. ஊசியைக் கண்டாலே அலறியவர்கள் உண்டு. முகாம்களில் ஊசி போட்டே கொன்றிருக்கிறார்களே.

இன்னொன்று, பையனுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். புதைக்காமல் கிடந்த உடல்களே ஆயிரக்கணக்கில். கடைசியில் புல்டோசரால் குழிகளில் தள்ளினார்கள், எண்ண முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். படங்களைக் காட்டாதீர்கள். அவன் கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள்.

* * *

நேற்றுச் சாயங்காலம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ஆயிரத்தி ஒண்ணாவும் இருக்கலாம்ல?" என்றான்.