மறு: ‘தற்செயல் காலியிடம்’ – மேலவை உறுப்பினர் மாற்றங்களுக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

> ‘கேஷுவல் வேகன்சி’க்குத் தமிழ்நாட்டு அரசு வழக்கில் ‘தற்செயல்’ இருக்கிறதே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவையின் உறுப்பினர் பட்டியலுக்கும் ‘தற்செயல் காலியிடம்’ என்றே போட்டுவிடலாமா?

ஐயா, பதவிக்காலம் முடியுமுன் காலியாகும் இடத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘கேஷுவல் வேகன்சி’ என்கிறார்கள். ஆட்சித்தமிழில் ‘தற்செயல்’ வேரூன்றிய சொல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. தற்செயல் விடுப்பு எடுக்காத அரசு ஊழியர் யார்? ஊராட்சியில் ஒரு வார்டு இடையில் காலியானால் மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துவதும் ‘தற்செயல் தேர்தல்’தான். ஆனாலும் இந்த அவைக்கு அந்தச் சொல்லை ஒட்டினால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார். அவையில் ஆள் மாறுவது எப்படி என்று பார்த்தால் ஏன் என்பது தெரியும்.

சிட்னியில் கூடும் அந்த மேலவையில் 42 உறுப்பினர்கள். பதவிக்காலம் எட்டு ஆண்டு. நான்கு ஆண்டுக்கொரு முறை மார்ச் மாதத் தேர்தலில் 21 இடங்களுக்கு மட்டும் வாக்களிப்பார்கள். மற்ற 21 பேர் தொடர்வார்கள். முழு மாநிலமும் ஒரே தொகுதி, விகிதாசார முறை. அதனால் ஒருவர் நடுவில் போனால் அந்த ஓரிடத்துக்கு மட்டும் இடைத்தேர்தல் வைப்பதில்லை. இரு அவைகளும் கூட்டாக அமர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றன. போனவர் எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சிக்காரரே வர வேண்டும். வருபவருக்குப் புதிதாக எட்டு ஆண்டு கிடைக்காது, முன்னவர் விட்டுப்போன மிச்சம்தான்.

இனி நடந்ததைப் பாருங்கள். பென்னி ஷார்ப் தொழிற்கட்சியின் மேலவை உறுப்பினர். 2015-ல் கீழவையின் நியூட்டவுன் தொகுதியில் நிற்பதற்காகப் பதவி விலகினார். பசுமைக் கட்சியின் ஜெனி லியோங்கிடம் தோற்றார். சில வாரங்களில் கூட்டு அமர்வு நடந்தது. காலியான இடத்துக்கு அவரே திரும்பி வந்தார். தாம் விலகியதால் ஏற்பட்ட இடத்தைத் தாமே நிரப்பினார்! 2022-ல் டேவிட் ஷூபிரிட்ஜ் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட விலகியபோது, அதே பசுமைக் கட்சியின் சூ ஹிக்கின்சன் வந்தார்.

மார்க் லேத்தம் செய்தது இன்னும் கூர்மையானது. 2019-ல் ஒன் நேஷன் கட்சிக்காக வென்றவர். பதவிக்காலம் 2027 வரை இருந்தது. 2023 தேர்தலுக்கு முன் விலகி, அதே கட்சிப் பட்டியலின் முதலிடத்தில் நின்று புதிதாக எட்டு ஆண்டு பெற்றார். அவர் விட்ட பழைய இடத்தின் மிச்ச நான்கு ஆண்டுக்கு அதே கட்சியின் தானியா மிஹைலுக் வந்தார். அதே ஆண்டிலேயே லேத்தம் கட்சியை விட்டு வெளியேறி, உறுப்பினராகத் தொடர்ந்தார். பட்டியலில் பெயர் மாறவில்லை, கட்சிக் கட்டம் மட்டும் மாறியது.

இவற்றில் எது தற்செயல்? எல்லாமே நாள் குறித்துத் திட்டமிட்டுச் செய்தவை. ‘தற்செயல் காலியிடம்’ என்று பட்டியலில் போட்டால், யாரோ திடீரென்று இறந்துவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இறப்பும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தச் சொல் குறிக்க வேண்டியது காரணத்தை அன்று, காலத்தை: பதவிக்காலம் முடியுமுன் காலியான இடம் என்பதை.

காலத்தைக் காட்ட நம்மிடம் ‘இடை’ இருக்கிறது. இடைத்தேர்தல் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அதன் பக்கத்திலேயே இச்சொல்லையும் உட்கார வைக்கலாம். ‘இடைக்காலியிடம்’ என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படிக்கிற கண் ‘இடைக்கால’ என்றே பிரிக்கிறது. இடைக்கால அரசு, இடைக்காலத் தடை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆகவே என் பரிந்துரை இடைவெற்றிடம்.

வெற்றிடம் என்றதும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இயற்பியல் வகுப்பும், ‘அரசியலில் வெற்றிடம்’ என்ற மேடைப் பேச்சும் நினைவுக்கு வரும் என்று தெரியும். ஆனால் இலங்கைத் தமிழில் ‘பதவி வெற்றிடம்’ அன்றாடச் சொல். வேலைவாய்ப்பு அறிவித்தல் எதைத் திறந்தாலும் அதுதான். நியூ சவுத் வேல்ஸ் மேலவை பற்றித் தமிழில் படிக்கப்போகிறவர்களில் பலர் சிட்னியின் வென்ட்வொர்த்வில், தூங்காபி பக்கத்து ஈழத்தமிழ்க் குடும்பத்தினர். அவர்கள் நாவில் இருக்கும் சொல்லுக்கு முதலிடம் தருவதுதான் முறை. பொருளும் கெடவில்லை.

அடுத்தது, வந்து சேர்பவரை என்னவென்று சொல்வது. முன்மடலில் ஒருவர் ‘நியமன உறுப்பினர்’ என்று எழுதியிருந்தார். அது கூடவே கூடாது. இந்தியாவில் நியமன உறுப்பினர் என்றால் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ நியமிப்பவர். இந்த மேலவைக்கே அப்படியொரு காலம் இருந்தது. 1824-ல் ஐந்து நியமன உறுப்பினர்களோடு கூடிய மன்றம் இது. 1856-ல் இரு அவை முறை வந்த பிறகும் மேலவைக்காரர்கள் நியமிக்கப்பட்டவர்களே. 1934-ல்தான் இரு அவை உறுப்பினர்களும் வாக்களித்து 60 பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மக்கள் நேரே வாக்களிப்பது 1978-ல் தொடங்கியது. 1991-ல் எண்ணிக்கை 42 ஆனது. பழைய பட்டியல்களையும் தமிழாக்கும்போது ‘நியமனம்’ அந்தக் காலத்துக்கு அப்படியே தேவைப்படும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் நூறாண்டு வரலாறு குழம்பிப்போகும்.

‘அதே கட்சிக்காரர்’ என்ற விதியையும் இலேசாக விட்டுவிட வேண்டாம். செனட்டில் காலியாகும் இடத்தை அந்தந்த மாநிலம்தான் நிரப்பும். 1975-ல் செனட்டில் லயனல் மர்ஃபி நீதிபதியாகப் போக, அவர் தொழிற்கட்சிக்காரர் என்றிருந்தும், நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் டாம் லூயிஸ் கட்சி சாராத கிளீவர் பன்டனை அனுப்ப வழிசெய்தார். சில மாதம் கழித்து தொழிற்கட்சி செனட்டர் பெர்ட்டி மில்லினர் இறந்தபோது குயின்ஸ்லாந்தும் கட்சி விரும்பாத ஆல்பர்ட் ஃபீல்டை அனுப்பியது. வாக்காளர் தந்த இடம் வேறு கைக்குப் போய், பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி அரசின் வீழ்ச்சிக்கும் அது துணைபோனது. 1977-ல் மக்கள் வாக்கெடுப்பில் கூட்டாட்சி அரசமைப்பைத் திருத்தி இதை அடைத்தார்கள். ஆகவே இப்படி வருபவர் ஆட்சியாளர் தூக்கி வைத்த ஆள் இல்லை. வாக்காளர் அந்தக் கட்சிக்குத் தந்த காலத்தின் மீதியை நிறைவுசெய்ய வருகிறவர்.

அந்த மீதியைத்தான் பெயரில் காட்ட வேண்டும். ‘எச்சக்காலம்’ வேண்டாம், எச்சத்துக்குப் பறவை எச்சம் வரை பொருள் இருக்கிறது. எஞ்சுகாலம் வினைத்தொகையாக நன்றாக நிற்கிறது. வருபவர் எஞ்சுகால உறுப்பினர். பட்டியலில் இப்படி வரும்:

“லேத்தம் விலகலால் ஏற்பட்ட இடைவெற்றிடத்துக்கு மிஹைலுக் கூட்டு அமர்வில் தேர்வானார், எஞ்சுகாலம் 2027 வரை.”

நம் மாநிலங்களவைக்கும் இது உதவும். அங்கே இடைவெற்றிடத்தைச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் இடைத்தேர்தல் நிரப்புகிறது, வருபவருக்கு எஞ்சுகாலம்தான். ‘கூட்டு அமர்வு’ பற்றி நீட்டி விவாதிக்க ஒன்றுமில்லை, இருப்பதே போதும்.

எனக்கு விடை கிடைக்காதது ஒன்று. ஆஸ்திரேலியாவின் மற்றொரு மாநிலமான தாஸ்மானியாவில் மேலவை இடம் காலியானால் இடைத்தேர்தல். கீழவை இடம் காலியானாலோ, விலகியவரை வெல்லவைத்த பழைய வாக்குச்சீட்டுகளையே எடுத்து, அவற்றில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று எண்ணி ஆளைத் தேர்கிறார்கள். ‘மறு எண்ணிக்கை’ என்றால் முடிவில் தகராறு என்று ஆகிவிடும். ‘பின்னெண்ணல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.