புதுப்பிப்பு: எழுத்து விளையாட்டு இப்போது வகுப்பின் லினக்ஸ் கணினிகளிலும் திறக்கிறது

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்யும் எழுத்து விளையாட்டு என் மடிக்கணினியில் ஓடுகிறது, வகுப்பில் இருக்கும் உபுண்டு 20.04 (லினக்ஸ் வகை) கணினிகளில் திறக்கவே மாட்டேன் என்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் சந்தேகப்பட்டபடி ஜிலிப்சிதான் (glibc, லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) காரணம். டெர்மினலில் ஓட்டிப் பார்த்ததும் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று பிழை வந்தது. என் மடிக்கணினி உபுண்டு 22.04, அதில் இருக்கும் ஜிலிப்சி 2.35. வகுப்புக் கணினிகளில் இருப்பது 2.31. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றியது) புதியதிலும் ஓடும். ஆனால் புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் டெபியன் 11 (இன்னொரு லினக்ஸ் வகை) கன்டெய்னருக்குள், அதாவது என் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் சூழலுக்குள், வைத்து மறுபடி கம்பைல் செய்தேன். அதிலும் 2.31தான். உடனே திறந்துவிட்டது!

அப்புறம் பார்த்தால் ‘ழ’வுக்கு மட்டும் ஒலி வரவில்லை. கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நிரலிலோ சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்றியதும் சரி.

படம், ஒலி ஆகியவற்றைக் கையாளும் எஸ்டிஎல் (SDL) நூலகத்தை விளையாட்டுடன் கூடவே வைத்திருக்கிறேன். ஜிலிப்சியை மட்டும் அப்படிச் சேர்க்காதீர்கள். சில ஜிப் கருவிகளில் இயக்க அனுமதி தொலைந்துவிடும் என்பதால் டார் (tar) தொகுப்புக் கோப்பாகவே தருகிறேன். கம்பைல் ஸ்கிரிப்ட் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.