சுண்டெலி டி செல்லுக்கு மைக்காலிக் அமிலம் தெரியவில்லையே, ஏன்?

கேள்வி: காசநோய்க் கிருமியின் டிரெஹலோஸ் டைமைக்கோலேட்டை (டிடிஎம்; டிரெஹலோஸ் சர்க்கரையோடு மைக்காலிக் அமிலம் சேர்ந்த, கிருமிச் சுவரின் கொழுப்பு) ஐசோபுரோப்பனாலில் கரைத்துத் தட்டில் உலர்த்தி, மேல சுண்டெலி மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் செல்) போட்டால் டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) நன்றாக வருகிறது. ஆனால் டி செல்லுக்கு அந்நியப் பொருளைக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லுக்கு மைக்காலிக் அமிலம் கொடுத்து, பிசிஜி போட்ட சுண்டெலியின் டி செல் சேர்த்தால் இன்டர்ஃபெரான் காமா (டி செல் தூண்டப்பட்டதன் அடையாளம்) துளிகூட இல்லை. லிப்பிட் கெட்டுவிட்டதா? குளோரோஃபார்மில், பிளாஸ்டிக் குழாயில், -20 டிகிரியில் இருக்கிறது.

பதில் 1: லிப்பிட்டைச் சந்தேகிக்கும் முன் எலியைப் பாருங்கள். மைக்காலிக் அமிலத்தை டி செல்லுக்குக் காட்டுவது சிடி1பி என்ற செல் மேற்பரப்புப் புரதம். மனித செல்களில் 1994-லேயே காட்டிவிட்டார்கள். சுண்டெலிக்கு சிடி1ஏ, பி, சி எதுவும் கிடையாது, சிடி1டி மட்டும்தான். உங்களுக்கு டிஎன்எஃப் வந்தது மேக்ரோஃபேஜின் மின்கில் என்ற ஏற்பி வழியாக. அது டிரெஹலோஸ் தலையைப் பிடித்து செல்லுக்குள் உள்ள சிக், கார்ட்9 புரதங்கள் வழியே சமிக்ஞை அனுப்பும்; டி செல்லுக்கு அதில் வேலையே இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கேட்டவர்: அப்போ மனித செல்லுக்கு மாறினால் போதுமா?

பதில் 2: மாறினால் மட்டும் போதாது. ரத்தத்திலிருந்து எடுத்த மோனோசைட்டில் (ஒரு வகை வெள்ளை அணு) சிடி1பி இருக்காது. அதை டென்ட்ரிடிக் செல்லாக மாற்றும் ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 என்ற புரதங்கள் இரண்டையும் கொடுத்து 3 நாள் வையுங்கள்; ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல் மேற்பரப்புப் புரதத்தை அளக்கும் முறை) சிடி1பி தெரிந்த பிறகே லிப்பிட். மனித சீரம் சேர்த்தால் சிடி1பி குறையும், கன்றுக்குட்டி சீரமே நல்லது. செல்லை முன்கூட்டியே ஃபிக்ஸ் செய்துவிடாதீர்கள் (வேதிப்பொருளால் உறையவைப்பது): சுமார் 80 கார்பன் கொண்ட மைக்காலிக் அமிலம் சிடி1பி-யின் பள்ளத்தில் நுழைய எண்டோசோமின் அமிலச் சூழல் வேண்டும். சில மணி நேரம் விடுங்கள். கடைசியில் சிடி1பி-யைத் தடுக்கும் ஆன்டிபாடி ஒரு கிணற்றில், அதன் ஐசோடைப் (அதே வகை, ஆனால் சிடி1பி-யைப் பிடிக்காத ஆன்டிபாடி) இன்னொன்றில். ஆன்டிபாடி போட்டும் சமிக்ஞை குறையவில்லை என்றால் அது சிடி1பி வழி வந்ததல்ல.

பதில் 3: அந்தக் குழாயையும் தூக்கிப் போடுங்கள். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து கண்டதையும் கரைத்து இழுக்கும். ஆவியாகிப் போவதால் செறிவும் ஏறிவிடும். டெஃப்லான் மூடியுள்ள கண்ணாடிக் குப்பிதான். தேவையான அளவை நைட்ரஜன் ஊதி முழுக்க உலர்த்தி, சீரம் கலந்த மீடியத்தை வெதுவெதுப்பாக ஊற்றி, குளியல் சோனிகேட்டரில் சில நிமிடம் வைத்து, அன்றே பயன்படுத்துங்கள். மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை போட்டுப் பாருங்கள். லிப்பிட் இல்லாமல் வெறும் கரைப்பானை இதே மாதிரி உலர்த்திய குப்பி ஒன்றும் கட்டாயம். பலர் விடுவது இதைத்தான்.