பொறியியலை விட்டுவிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) படிக்கப் போவது புத்தியா?

வட்டக்கச்சிப் பெடியன் கேட்டது:

பெயர் போடவில்லை, குறை நினைக்காதீர்கள். ஊரைச் சொன்னாலே பாதிச் சனத்துக்கு ஆள் பிடிபட்டுவிடும். படித்த பள்ளிக்கூட வாசலில் "பொறியியல் பீடத்துக்குத் தெரிவு" என்று என் படத்தோடு ஒரு பதாதை இன்னும் தொங்குகிறது. வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய் முகம் முழுக்க நீலமாகிவிட்டது. பெயர் மட்டும் நேற்று அடித்த மாதிரி இருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம். முதல் வருடக் கணிதம் இரண்டாம் தடவையில்தான் பாஸ். சேர்க்கிட், புளூயிட் மெக்கானிக்ஸ் இரண்டும் ரிப்பீட். ஜீ.பி.ஏ. இரண்டுக்குக் கீழே. படிப்பிக்கிறவர்களில் பிழை சொல்ல மாட்டேன், பிழை என்னில்தான். ஏ.எல். வரை எல்லாம் தமிழில் படித்தேன். இங்கே லெக்சரில் ஒரு வசனத்தை நான் மனத்துக்குள் தமிழாக்கி முடிக்கும்போது அவர்கள் மூன்றாவது பக்கத்தில் நிற்பார்கள்.

சனி ஞாயிறுகளில் பரந்தனில், முல்லைத்தீவு வீதியில் இருக்கும் சித்தப்பாவின் கடையில் நிற்பேன். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்), வாட்டர் பம், மருந்தடிக்கும் மெஷின், என்ன வந்தாலும் செய்வோம். 2009இல் யுத்தத்தில் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது சித்தப்பா சொக்கெட் செட்டை மட்டும் விடவில்லை, மாணிக் பாம் முகாம் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர். அதில் பதினேழாம் நம்பர் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்தக் குழி இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது, புதிது வாங்கி வைக்கவும் விடமாட்டார்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் என் பிரச்சினை விளங்கும். கனகராயன் ஆற்றில் தண்ணீர் இறைக்கிற ஒருவர் ஒரே பம்மை மூன்றாம் தடவை கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் இம்பெல்லர் (பம்முக்குள் சுழலுகிற சில்லு) மாற்றியாயிற்று, ஆறு கிழமையில் திரும்பவும் தண்ணீர் குறைகிறதாம். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் கறையான் தின்ற பலகை மாதிரி சின்னச் சின்னக் குழியாக அரித்துக் கிடந்தது. மணல் என்றால் அப்படி அரிக்காது, வழுவழுப்பாகத் தேய்க்கும். "ஓடும்போது பம்முக்குள் சரளைக் கல்லு உருளுகிற சத்தம் வருகிறதா அண்ணை?" என்று கேட்டேன். ஓம் என்றார். போய்ப் பார்த்தால், பம்மை மேலே வீதிக்கரையில் வைத்துவிட்டு, இரண்டு இஞ்சி பம்முக்கு ஒன்றரை இஞ்சி ஹோஸ் போட்டு நாற்பது அடி தூரம் இழுக்கிறார். பம்மை ஆற்றங்கரைக்கு இறக்கச் சொன்னோம். இழுக்கிற பக்கம் இரண்டு இஞ்சியில் கட்டை ஹோஸ், நீளம் எல்லாம் தள்ளுகிற பக்கத்தில். சத்தம் நின்றுவிட்டது. காசு வேண்டாம் என்றேன், சித்தப்பா முறைத்தார்.

அன்றிரவுதான் யோசித்தேன். இந்த வேலை எனக்கு வருகிறது, அந்தப் படிப்பு வரவில்லை. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இதே அறிவியல் நகரில்தான் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தப் பக்கம்தான் கால் போகிறது. கம்பஸை விட்டுவிட்டு அங்கே ஓட்டோமொபைல் படித்தால் என்ன? வீட்டில் இன்னும் கதைக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வயல், மகாபொலப் புலமைப்பரிசில் காசு வந்தால்தான் என் சாப்பாடு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முரசுமோட்டையான்:

தம்பி, வாய் கசந்தாலும் கேளும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சிக்கு வருகிற பொறியியல் இடங்கள் விரலில் எண்ணுகிற அளவுதான். அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பானர் பிடிக்கப் போகிறேன் என்கிறீர். உமக்கு அடுத்ததாக நின்ற பிள்ளை இப்போது என்ன படிக்கிறது என்று யோசித்தீரா?

வட்டக்கச்சிப் பெடியன்:

யோசிக்காமல் இல்லை அண்ணை. அந்தப் பிள்ளை யார் என்றும் தெரியும், இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் விட்டால் அந்த இடம் அவளுக்குப் போகாது, வெறும் கதிரையாகக் கிடக்கும். அதுதான் இன்னும் குத்துகிறது.

பாதியில் வந்தவன்:

எனக்குச் சொந்த இடம் மாங்குளம். பௌதிக விஞ்ஞானம் ஒன்றரை வருடம் படித்துவிட்டு விட்டவன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. விட்டது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். விட்ட விதம்தான் பிழை.

ஒரு நாள் பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான். கடிதம் கொடுக்கவில்லை, பதிவை நீக்கவில்லை, நூலகப் புத்தகம் இரண்டு கையில். வீட்டில் "லீவு" என்று சொல்லி நாலு மாதம் ஓட்டினேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் "எப்ப தம்பி தொடங்குது?" என்று கேட்பா. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான் என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய். பிறகு மூன்றாம் தடவை ஏ.எல். எழுதினேன். புள்ளி பரவாயில்லை. ஆனால் ஏற்கெனவே பதிந்த ஆள் என்று விண்ணப்பம் தள்ளுபட்டது. மூன்று தடவைதானே எழுதலாம், அதுவும் முடிந்தது. ஒழுங்காக விலகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டுப் பார்க்கவாவது ஒரு கதவு இருந்திருக்கும்.

விடுவதென்றால் விடும். அதற்கு முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் பதிவு, பதிவு நீக்கம் பற்றிய பகுதியை வரி வரியாக வாசியும். பீடத்தில் மாணவ ஆலோசகரிடம் போய், கற்கையை ஒரு வருடம் இடைநிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்று கேளும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி உம்மிடம் இருக்கட்டும். ஏ.எல். சான்றிதழ் மூலப் பிரதி எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கே பாரும். எனக்கு அதைத் திருப்பி எடுக்க எட்டு மாதம் சென்றது. நான் இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில், வவுனியா நிலையத்தில் படிக்கிறேன். பகலில் லொறி. வயது இருபத்தொன்பது.

குளத்தடி அக்கா:

தம்பி, நான் நீர்ப்பாசன வேலையில் இருக்கிறேன், பொறியியல் படித்தவள். உங்கள் பம் கதையை மூன்று தடவை வாசித்தேன்.

புளூயிட்டில் பெயில் என்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். பம் தண்ணீரை இழுப்பதில்லை, தெரியுமா? பம் செய்வதெல்லாம் தன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். ஆற்றின் மேலே நிற்கிற காற்றுத்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றால் ஆகக்கூடியது பத்து மீற்றர். நடைமுறையில் ஆறு, ஏழு மீற்றரோடு சரி. ஒடுக்கமான நீள ஹோஸ் போட்டால் அதில் பாதி உராய்விலேயே போய்விடும். பிறகு பம் வாயில் அழுத்தம் அவ்வளவு விழுகிறது, தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் இம்பெல்லருக்குள் போய் நசுங்கி வெடிக்கிற சத்தம்தான் நீங்கள் கேட்ட சரளைக் கல்லு. அந்தக் குழிகளும் அதனால்தான். புத்தகத்தில் இதற்குக் கவிடேஷன் என்று பெயர். உங்கள் பாடத்திட்டத்தில் பம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள், அந்த ஆற்றங்கரைக்காரர் அதற்குள் இருப்பார். கம்பஸ் காலத்தில் நான் இதைக் கணக்காகச் செய்து நல்ல பெறுபேறு எடுத்தவள். சத்தத்தை முதல்முதல் காதால் கேட்டது வேலைக்கு வந்து ஐந்தாம் வருடம்.

ஆகவே "படிப்பு வரவில்லை" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். உங்களுக்கு வராதது ஆங்கிலமா, கணிதமா, இரண்டும் சேர்ந்த வேகமா என்று பிரித்துப் பாருங்கள். ரிப்பீட்டில் "சீ" தரத்துக்கு மேல் தரமாட்டார்கள், தராவிட்டால் போகிறது. அந்த ஒரு பாடத்தை மட்டும் இந்த முறை சித்தப்பாவின் கடையில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு ஹோஸோ வால்வோ முன்னால் கிடக்கட்டும்.

இதை வைத்து "விடாதே" என்று சொல்வதாக எடுக்க வேண்டாம். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளம் 36 அடி முட்டி வான்பாய்கிற நாட்களில் கொஞ்சம் உயிர்ப்பாக இருக்கும். மிச்ச நாளெல்லாம் எனக்கு மதிப்பீடு, கேள்வி மனு, அளவைப் புத்தகம், கூட்டம். ஸ்பானர் பிடித்து எத்தனை வருடம் என்று நினைவில்லை. கையில் ஒயில் பட்டால்தான் நித்திரை வரும் என்கிற ஆளுக்கு இந்தக் கதிரை பிடிக்காது. பட்டம் முடித்தால் என்ன வேலை என்று ஒருவரும் எங்களுக்கு முன்கூட்டியே காட்டுவதில்லை. ஒரு நாள் வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள், எங்கள் கந்தோரில் கேட்டு ஒழுங்குபடுத்தலாம்.

கராஜ் தம்பி:

அண்ணை, நான் நீங்கள் சொல்கிற இடத்தில் ஓட்டோமொபைல் முடித்தவன். 2016இல் திறந்த இடம், நல்ல மெஷின்கள், சிங்களப் பெடியளும் எங்களோடு படித்தார்கள். நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சேர்க்கிட்டுக்குப் பயந்து அங்கே போனால் அங்கேயும் சேர்க்கிட்தான் நிற்கும். இப்போதைய டீசல் இஞ்சினில் சென்சர், ஈ.சி.யூ. (இஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கொம்பியூட்டர்), ஸ்கானர் எல்லாம் உண்டு. வயரிங் படம் வாசிக்கத் தெரியாவிட்டால் ஒயில் மாற்றத்தான் விடுவார்கள். படமும் ஆங்கிலத்தில்தான்.

இன்னொன்று. கம்பஸை விடாமலே நைட்டாவுக்கு (அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபை) போய்க் கேளுங்கள். வேலை அனுபவம் இருக்கிறவர்களை நேரில் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிற முறை இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். சித்தப்பாவிடம் எத்தனை வருடம் நின்றீர்கள் என்பதற்கு ஒரு கடிதம், செய்த வேலைகளின் படங்கள் இருந்தால் நல்லது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் சான்றிதழ் இருக்காது என்று நினைக்கிறேன்.

வட்டக்கச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் பதில் போடவில்லை, வீட்டில் அறுவடை.

அக்கா, அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் இரண்டு பக்கமும் விளங்கியது, மூன்றாவதில் பழையபடி. ஆனால் இந்த முறை எங்கே நின்றேன் என்று தெரிந்தது: உராய்வு இழப்பு வருகிற இடம். ஒன்றரை இஞ்சி ஹோஸையும் இரண்டு இஞ்சி ஹோஸையும் வெட்டி மேசையில் வைத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போட்டேன். ஒரே அளவு தண்ணீருக்கு ஒடுக்கமானதில் இழப்பு நாலு மடங்கு வருகிறது. நான் கணக்குப் பிழைத்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை செய்தேன். அதே நாலுதான். உங்கள் கந்தோருக்கு வருகிற கிழமை வருகிறேன்.

அடுத்த சோதனையில் புளூயிட் எழுதுகிறேன். அது போனால் இடைநிறுத்தக் கடிதம், மாங்குளத்து அண்ணை சொன்ன ஒழுங்கில், பிரதியோடு. நைட்டா விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "என்னை ஆரடா சோதிக்கிறது?" என்றார். பிறகு இரவு போன் எடுத்து, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

நேற்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், விட்டாலும் விடுவேன் என்று. நெல் துழாவிக்கொண்டு நின்றா, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் முதலில் வாய் திறந்தார்: "சோதனையை எழுது, பிறகு பார்ப்பம்." அம்மா அதற்குப் பிறகு சொன்னா, "எதுக்கும் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில கேட்டு அந்தப் பதாதையைக் கழட்டிக்கொண்டு வா. நெல்லுக் காயப்போட ஒரு படங்கு காணாமல் கிடக்கு."

இன்று காலை போய்க் கழட்டிக்கொண்டு வந்தேன். பத்து அடி வரும், நல்ல தடிப்பு. முகத்தைக் கீழ்ப்பக்கம் போட்டு விரித்திருக்கிறோம்.